நெம்புகோலின் மூன்று வகைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமேஸ்வரத்துக்குப் போகும் வழியில் இருக்கும் மண்டபம் ஊர்ப் பக்கம் மாலை நேரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லித் தருகிறேன். நெம்புகோல் பாடம் வந்தாலே ஒவ்வொரு வருடமும் அதே சந்தேகங்கள்தான். பிள்ளையைக் கூட்டிப்போக வரும் அப்பாக்கள் வாசலில் நின்றபடி கேட்பார்கள், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களும் வந்து கேட்பார்கள். அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளைக் கீழே போட்டிருக்கிறேன். முதலில் எளியவை, போகப்போகக் கொஞ்சம் முறுக்கானவை.

டீச்சர், நெம்புகோல்னா கடப்பாரைதானே? வேற என்ன இருக்கு?

கடப்பாரை ஒரு நெம்புகோல், அவ்வளவுதான். ஏதாவது ஓர் இடத்தை ஊன்றிக்கொண்டு திரும்பக்கூடிய எந்த விறைப்பான பொருளும் நெம்புகோல்தான். அடிபம்பின் கைப்பிடி, பாக்குவெட்டி, துடுப்பு, படகின் சுக்கான், தூண்டில் கம்பு, உங்கள் முழங்கை எல்லாமே இதில் சேரும். நேராக இருக்க வேண்டும் என்றோ இரும்பாக இருக்க வேண்டும் என்றோ கட்டாயம் இல்லை. வளையாமல் விசையைத் தாங்கினால் போதும்.

ஆதாரம், பளு, திறன்னு மூணு சொல்றாங்க. ஒரு பொருளைப் பார்த்ததும் எது எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

எது அசையாமல் இருக்க, மற்றது அதைச் சுற்றித் திரும்புகிறதோ அந்த இடம் ஆதாரப்புள்ளி. கீல், ஆணி, முட்டுக்கொடுத்த கல், எதுவாகவும் இருக்கலாம். நாம் கை வைத்து விசை கொடுக்கும் இடம் திறன். நாம் எதை அசைக்கவோ நசுக்கவோ தூக்கவோ பார்க்கிறோமோ, அது எதிர்த்து நிற்கும் இடம் பளு.

பொருளைக் கையில் எடுத்து ஒருமுறை வேலை செய்து பாருங்கள். படத்தைப் பார்த்துத் தேடுவதைவிட இது சீக்கிரம் பிடிபடும். முதலில் ஆதாரத்தைத் தேடுங்கள். அது கிடைத்துவிட்டால் மற்ற இரண்டும் தானாகத் தெரிந்துவிடும்.

மூணு வகைக்கும் என்ன வித்தியாசம்? மனசுல நிக்கவே மாட்டேங்குது.

நடுவில் எது இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். ஆதாரம் நடுவில் இருந்தால் முதல் வகை, பளு நடுவில் இருந்தால் இரண்டாம் வகை, திறன் நடுவில் இருந்தால் மூன்றாம் வகை. வரிசையாக முதல் எழுத்தை எடுத்தால் ஆ, ப, தி. என்னிடம் படிக்கும் பிள்ளைகள் இதை ‘ஆபத்து’ என்று ஞாபகம் வைத்திருக்கிறார்கள். பரிட்சைக்கு அது போதும்.

கடல்கரை ஊர்ல முதல் வகைக்கு என்ன உதாரணம் சொல்லலாம்? புத்தகத்துல சீசா, கத்தரிக்கோல்னுதான் இருக்கு.

தெருவில் நிற்கும் அடிபம்பைச் சொல்லுங்கள். கைப்பிடி ஒரு பக்கம், குழாய்க்குள் இறங்கும் கம்பி மறுபக்கம், நடுவில் அச்சு. நம் பக்கத்து கிராமங்களில் அதிகம் பார்ப்பது இந்தியா மார்க் 2 பம்பு. அதன் கைப்பிடி 8க்கு 1 என்ற விகிதத்தில் அமைந்தது. அதாவது கைப்பிடி நுனியில் 10 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தினால் கம்பி 80 கிலோவை இழுக்கும். அதற்குப் பதிலாக, உள்ளே கம்பி 125 மில்லிமீட்டர் ஏறி இறங்க, உங்கள் கை ஏறக்குறைய ஒரு மீட்டர் போய் வர வேண்டும்.

சுக்கானும் முதல் வகைதான். பிடி ஒரு பக்கம், தண்ணீரில் நிற்கும் பலகை மறுபக்கம், நடுவில் கீல்.

இரண்டாம் வகை?

பாக்குவெட்டி. கீல் ஒரு நுனியில், பாக்கு நடுவில், கை மறுநுனியில். உப்பளத்திலும் கட்டட வேலையிலும் ஓட்டும் ஒற்றைச்சக்கரத் தள்ளுவண்டியும் அப்படியே: சக்கரத்தின் அச்சு ஆதாரம், மூட்டை நடுவில், கைப்பிடி கடைசியில். சோடா மூடி திறக்கும் ஓப்பனரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் வகைக்கு தூண்டில்னு சொன்னா மார்க் கிடைக்குமா?

தாராளமாகக் கிடைக்கும். கம்பின் அடியைப் பிடித்திருக்கும் கை ஆதாரம், சற்று மேலே பிடித்து இழுக்கும் கை திறன், நுனியில் மீன் பளு. முள் எடுக்கும் சாமணம், வாசல் கூட்டும் நீளக் கைப்பிடித் துடைப்பம், உப்பளத்தில் உப்பு வாரும் நீளக் கம்பு வைத்த பலகை எல்லாம் இந்த வகை. இரண்டு கை வைத்து வீசும், வாரும், கூட்டும் சாமான்களில் மேல் கையை அசையாமல் வைத்துக் கீழ்க் கையால் வேலை செய்தால் பெரும்பாலும் மூன்றாம் வகையாகத்தான் இருக்கும்.

இயந்திர லாபம்னா என்ன? கணக்கு எப்படிப் போடணும்?

ஆதாரத்திலிருந்து திறன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது திறன் புயம். ஆதாரத்திலிருந்து பளு இருக்கும் தூரம் பளு புயம். திறன் புயத்தைப் பளு புயத்தால் வகுத்தால் இயந்திர லாபம். திறனை அதன் புயத்தால் பெருக்கி வருவதும், பளுவை அதன் புயத்தால் பெருக்கி வருவதும் சமமாக இருந்தால் கோல் சமநிலையில் நிற்கும். இந்தப் பெருக்குத்தொகைக்குத் திருப்புத்திறன் என்று பெயர். இந்தப் பக்கத்தில் வரும் எல்லாக் கணக்கும் இந்த ஒரே விதிதான்.

இரண்டாம் வகையில் திறன் புயம் எப்போதும் பெரியது, அதனால் லாபம் 1க்கு மேல். மூன்றாம் வகையில் எப்போதும் 1க்குக் கீழ். முதல் வகையில் ஆதாரத்தை எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்து எப்படியும் வரலாம். ‘முதல் வகை என்றாலே லாபம்’ என்று எழுதி மார்க்கை விடுகிறவர்கள் நிறைய. தகரம் வெட்டும் கத்தரிக்குப் பிடி நீளம், அலகு குட்டை. தையல்காரர் கத்தரிக்கு அலகு நீளம். இரண்டும் முதல் வகைதான், லாபம் மட்டும் வேறு.

மூன்றாம் வகையில லாபமே இல்லை, நஷ்டம்தான்னா அதை எதுக்கு வச்சிருக்காங்க?

விசையில்தான் நஷ்டம். தூரத்திலும் வேகத்திலும் லாபம். 3 மீட்டர் தூண்டில் கம்பில், அடியிலிருந்து 50 சென்டிமீட்டர் மேலே பிடித்து இழுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நுனியில் 2 கிலோ மீன் தொங்கினால் உங்கள் கை 12 கிலோவுக்கு இழுக்க வேண்டும். ஆனால் கை ஒரு சாண் நகர்ந்தால் நுனி ஆறு சாண் நகரும். மீன் கடித்ததும் சுண்டி இழுக்க அந்த வேகம்தான் வேண்டும். பெரிய மீனைத் தூக்க அந்தக் கம்பையே நம்பியிருந்தால் கை வலிக்கும், அதனால்தான் கயிற்றைப் பிடித்து ஏற்றுகிறார்கள்.

அப்போ லாபம் 9ன்னா வேலையும் ஒன்பதுல ஒரு பங்குதானா?

இல்லை. விசை ஒன்பதில் ஒரு பங்கு, நகர வேண்டிய தூரம் ஒன்பது மடங்கு. இரண்டையும் பெருக்கினால் வேலை அதேதான். உராய்வு வேறு கொஞ்சம் தின்னும், ஆகவே உண்மையில் சற்றுக் கூடுதலாகவே செய்கிறோம். அடிபம்புக் கணக்கைத் திரும்பப் பாருங்கள்: எட்டில் ஒரு பங்கு விசை, எட்டு மடங்கு தூரம்.

என் மகன் கடப்பாரை முதல் வகைன்னு எழுதியிருந்தான், சரி போட்டாங்க. பக்கத்து வீட்டுப் பையன் இரண்டாம் வகைன்னு எழுதினான், அவனுக்கும் சரி. எப்படிம்மா?

இரண்டு பேரும் சரி. வகை கடப்பாரைக்குச் சொந்தமானது அல்ல, அதைப் பிடித்து வேலை செய்கிற விதத்துக்குச் சொந்தமானது. கேள்வித்தாளில் ‘கடப்பாரை எந்த வகை?’ என்று மொட்டையாகக் கேட்பது தப்பான கேள்வி என்பது என் அபிப்பிராயம். படம் போட்டுக் கேட்க வேண்டும்.

150 சென்டிமீட்டர் கடப்பாரை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கரையேற்றி வைத்த வள்ளத்தின் அடியில் நுனியைச் செருகி, நுனியிலிருந்து 15 சென்டிமீட்டரில் கல் முட்டுக்கொடுத்து, மறுமுனையைக் கீழே அழுத்துகிறோம். ஆதாரம் நடுவில், முதல் வகை. புயங்கள் 135, 15, ஆகவே லாபம் 9. இப்போது கல்லை எடுத்துவிட்டு, கடப்பாரை நுனியைத் தரையிலேயே ஊன்றி, அதே 15 சென்டிமீட்டரில் வள்ளம் கோலின் மேல் அமரும்படி வைத்து, மறுமுனையை மேலே தூக்குகிறோம். பளு நடுவில், இரண்டாம் வகை. புயங்கள் 150, 15, லாபம் 10.

லாபம் பத்தாக இருப்பதால் இரண்டாவது முறை நல்லது என்று ஓடிவிடக் கூடாது. அழுத்தும்போது உங்கள் உடம்பின் எடையையே போட்டுச் சாயலாம். தூக்கும்போது முதுகால் தூக்க வேண்டும். ஒன்பது பத்தாகும் அந்தச் சின்ன லாபத்துக்காக இடுப்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனா மணல்ல கல்லை வச்சு நெம்பினா கல்லுதான் உள்ள போகுது, வள்ளம் அசையவே மாட்டேங்குது. கணக்கு தப்பா?

கணக்கு சரி, அதில் ஒரு விசையை மறந்துவிட்டோம். ஆதாரமும் எடையைத் தாங்குகிறது. முந்தைய கேள்வியின் கடப்பாரையில் வள்ளம் 450 கிலோ அழுத்தத்தைக் கொடுக்கிறது என்று வையுங்கள். முதல் வகையாகப் பயன்படுத்தினால் உங்கள் கை 50 கிலோ. வள்ளமும் கீழே அழுத்துகிறது, கையும் கீழே அழுத்துகிறது. இரண்டையும் தாங்குவது கல். ஆகவே கல்லின் மேல் 500 கிலோ.

இரண்டாம் வகையில் கை மேலே தூக்குகிறது. 450ஐ 10ஆல் வகுத்தால் 45 கிலோ கை தாங்கும், மீதி 405 கிலோதான் ஊன்றிய நுனியில். ஆதாரம் பளுவைவிடக் குறைவாகவே தாங்குகிறது. ஆனால் கடப்பாரை நுனி கூர்மையாக இருப்பதால் அந்த 405ம் மணலுக்குள் குத்திக்கொண்டு போய்விடும்.

தீர்வு நம் கரையில் எல்லோரும் செய்வதுதான்: கல்லுக்கு அடியில் அகலமான பலகை ஒன்றைப் போடுங்கள். அதே 500 கிலோ பெரிய பரப்பில் விழுந்தால் மணல் தாங்கும். ஈர மணலும் காய்ந்த மணலும் ஒரே மாதிரி தாங்காது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

துடுப்பு முதல் வகையா, இரண்டாம் வகையா? கைடுல ஒண்ணு இருக்கு, இணையத்துல வேற இருக்கு.

படகின் ஓரத்தில் கயிற்றிலோ முளையிலோ மாட்டி வலிக்கும் துடுப்பைத்தான் கேட்கிறீர்கள். தேர்வில் கேட்டால் இரண்டாம் வகை என்று எழுதுங்கள். தண்ணீரில் ஊன்றிய அலகு ஆதாரம், மாட்டிய இடத்தில் படகு பளு, கைப்பிடியில் திறன். கரையில் நின்று பார்ப்பவருக்கு அலகு தண்ணீரில் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்க, படகுதான் அதைத் தாண்டிப் போகிறது.

படகுக்குள் உட்கார்ந்து பார்த்தால் முளை அசையவில்லை, அலகுதான் தண்ணீரைத் தள்ளுகிறது. அப்போது முளை ஆதாரம், தண்ணீர் பளு, முதல் வகை. இதுவும் தப்பில்லை. 3 மீட்டர் துடுப்பில் கைப்பிடிக்கும் முளைக்கும் 75 சென்டிமீட்டர், முளைக்கும் அலகுக்கும் 225 சென்டிமீட்டர் என்று வையுங்கள். கை 30 கிலோவுக்கு இழுத்தால் அலகு தண்ணீரை 10 கிலோவுக்குத் தள்ளும். முளையில் இரண்டும் சேர்ந்து 40 கிலோ படகை முன்னே தள்ளும்.

‘40 கிலோவா? அப்போ இரண்டாம் வகைன்னு பார்த்தா லாபம்தானே, இழுத்தது 30தானே’ என்று ஒரு பையன் மடக்கினான். நல்ல கேள்வி. வலிப்பவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார்? அதே படகில். 30 கிலோவுக்கு இழுக்க அவர் காலைப் படகில் உதைத்துக்கொள்ள வேண்டும், அந்த உதை படகை 30 கிலோவுக்குப் பின்னே தள்ளும். 40இல் 30 போக மீதி 10. தண்ணீர் கொடுத்த அதே 10. எந்த வகை என்று சொன்னாலும் படகுக்கு மிஞ்சுவது அதுதான். கணக்கு இரண்டு வழியிலும் ஒன்றாக வந்தால் பெயருக்காகச் சண்டை போட வேண்டாம்.

தெர்மாகோல் தெப்பத்துல போறவங்க துடுப்பை எங்கேயும் மாட்டாம கையிலேயே பிடிச்சுத் தள்றாங்களே, அது?

அது மூன்றாம் வகை. மேல் கை ஆதாரம், கீழ்க் கை திறன், அலகு பளு. துடைப்பத்துக்குச் சொன்னதே இதற்கும். மேல் கையையும் சேர்த்து முன்னே தள்ளினால் ஆதாரமே நகரும், அப்போது வகை பிரித்துப் பார்ப்பதில் பெரிய பயன் இல்லை.

துலாவில பின்னாடி கல்லு கட்டுறாங்களே, அதனால லாபம் கூடுதா?

கிணற்றில் தண்ணீர் இறைக்கும் துலா முதல் வகை நெம்புகோல். நடுவில் கால், ஒரு முனையில் கயிறும் வாளியும், மறுமுனையில் கல். கல் கட்டுவதால் புயங்களின் நீளம் மாறாது, அதனால் இயந்திர லாபம் மாறாது. மாறுவது, நாம் எப்போது, எந்தத் திசையில் விசை கொடுக்கிறோம் என்பது.

ஒரு கணக்கு. வாளிப் பக்கம் 3 மீட்டர், கல் 1.5 மீட்டர் தூரத்தில் 40 கிலோ. காலி வாளி 4 கிலோ, தண்ணீரோடு 30 கிலோ. கோலின் எடையை இப்போதைக்கு விட்டுவிடுவோம். கல்லின் திருப்புத்திறன் 40ஐ 1.5ஆல் பெருக்கினால் 60. காலி வாளியுடையது 12. வாளியைக் கிணற்றில் இறக்க மீதி 48ஐ நாம் கொடுக்க வேண்டும், 3 மீட்டரில் அது 16 கிலோ. கயிற்றைக் கீழே இழுப்பதால் உடம்பு எடையே வேலை செய்துவிடும். தண்ணீர் நிறைந்ததும் வாளியின் திருப்புத்திறன் 90, கல் 60ஐ ஈடுசெய்துவிடும், மீதி 30. அதாவது மேலே இழுக்க 10 கிலோ போதும்.

கீழே 16, மேலே 10, கூட்டினால் 26. தண்ணீரின் எடையும் 26தான். வேலை எங்கும் போய்விடவில்லை, பாதிக்கு மேல் கீழே இழுக்கும் பக்கத்துக்கு மாற்றிவிட்டோம். இப்படியொரு சூட்சுமத்தைக் கணக்குப் புத்தகம் இல்லாமல் கண்டுபிடித்தவர்களை நினைத்தால் எனக்குப் பொறாமைதான்.

பாம்பன் பழைய பாலம் தூக்கினதும் நெம்புகோல்தானா? அவ்வளவு பெரிய இரும்பை ஆளுங்க கையாலேயே தூக்கினாங்கன்னு சொல்றாங்க, நம்பவே முடியலை.

நம்பலாம். 1914 பிப்ரவரி 24இல் திறந்த அந்தப் பாலத்தின் நடுப்பகுதி ஷெர்சர் வகை. இரண்டு இறக்கைகள், கப்பல் வரும்போது இரண்டும் நிமிரும். ஒவ்வொரு இறக்கையின் பின்பக்கமும் எதிர் எடை இருந்தது. துலாவில் கல் செய்ததையே அது செய்தது: இறக்கையின் எடையை ஈடுசெய்துவிட்டது. ஆட்கள் பற்சக்கரங்கள் வழியாகச் சுற்றும்போது, உராய்வையும் காற்றையும் வென்றால் போதும், இரும்பின் முழு எடையைத் தூக்க வேண்டியிருக்கவில்லை.

ஆதாரம் நடுவில் இருப்பதால் முதல் வகை என்று சொல்லலாம். ஆனால் ஒரு வினோதம்: ஆதாரம் ஒரே இடத்தில் நிற்காது. இறக்கையின் அடி வட்டத் துண்டாக வளைந்திருக்கும், அது பாதையின் மேல் பின்னோக்கி உருண்டுகொண்டே நிமிரும். அதனால் நிமிர்வதோடு பின்னே நகர்ந்து கப்பலுக்குக் கூடுதல் இடமும் விட்டது. 2022 டிசம்பரில் அந்தப் பாலத்தில் ரயில் நின்றுவிட்டது.

புதுப் பாலம் அப்படியே நேரா மேல போகுதே. அது நெம்புகோல் இல்லைதானே?

2025 ஏப்ரல் 6இல் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளப் பகுதி கிடையாகவே 17 மீட்டர் உயர்கிறது. இருபக்கக் கோபுரங்களில் பெரிய சக்கரங்கள், அவற்றின் மேல் வடம், வடத்தின் மறுமுனையில் எதிர் எடை, இயக்குவதற்கு மின்மோட்டார். இது கப்பி.

ஆனால் கப்பியும் நெம்புகோலின் சொந்தக்காரன்தான். நிலைக் கப்பியில் அச்சு நடுவில், இரு பக்கமும் ஆரம் ஒரே அளவு. சம புயங்கள் உள்ள முதல் வகை, லாபம் 1. கீழே பளுவோடு சேர்ந்து ஏறும் நகரும் கப்பியில், கட்டப்பட்ட கயிற்றுப் பக்கம் ஆதாரம், நடு அச்சில் பளு, இழுக்கும் கயிற்றுப் பக்கம் திறன். இரண்டாம் வகை, லாபம் 2.

தராசும் முதல் வகைதானே? கருவாட்டுக் கடையில புயத்தை வச்சே ஏமாத்த முடியும்ங்கிறாங்க, நிஜமா?

முடியும். இரண்டு புயமும் சமமாக இருந்தால்தான் நேர்மையான தராசு. ஒரு புயம் 50 சென்டிமீட்டர், மறுபுயம் 48 என்று வைத்து, கருவாட்டை நீளப் பக்கத் தட்டில் போட்டால் 1 கிலோ படிக்கல்லுக்கு 960 கிராமிலேயே முள் நேராக நிற்கும். காலித் தட்டிலும் நேராக நிற்கும்படி தட்டின் எடையைச் சரிசெய்துவிட்டால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

கருவாட்டையும் படிக்கல்லையும் தட்டு மாற்றிப் போடச் சொல்லுங்கள். நேர்மையான தராசு அப்போதும் நேராக நிற்கும். ஏமாற்றுத் தராசு சாய்ந்து காட்டிக்கொடுத்துவிடும். கெட்ட தராசிலும் சரியான எடையைக் கண்டுபிடிக்க வழி உண்டு: இரண்டு தட்டிலும் ஒவ்வொரு முறை நிறுத்து, இரண்டு எடையையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுங்கள். ஒரு முறை கூடுவதும் மறுமுறை குறைவதும் ஒரே விகிதத்தில் என்பதால் தப்பு அடிபட்டுப்போகும்.

தொண்டி பக்கம் பாய்மரப் போட்டியில ஆளுங்க பலகை நுனிக்குப் போய் உட்கார்றாங்களே, அதுல நெம்புகோல் எங்க இருக்கு?

வத்தை என்கிற பாய்மரப் படகின் குறுக்கே நீட்டிய பலகைதான் புயம். காற்று பாயை ஒரு பக்கம் சாய்க்கும்போது, எதிர்ப்பக்கம் ஆட்கள் நகர்ந்து அதே அளவு திருப்புத்திறனைக் கொடுக்கிறார்கள். 60 கிலோ ஆள் நடுவிலிருந்து 1 மீட்டரில் இருந்தால் 60, மூன்றாவது மீட்டருக்குப் போனால் 180. ஆளின் எடை மாறவில்லை, தூரம் மட்டும் மாறியது. காற்று தணிந்தால் உடனே உள்ளே வர வேண்டும், இல்லையென்றால் அவர்களே படகைக் கவிழ்த்துவிடுவார்கள்.

வளைஞ்ச கோலுக்குப் புயத்தை எப்படி அளக்கிறது? ஆணி பிடுங்குற சுத்தியல் மாதிரி.

கோலின் வளைவு வழியாக அளக்கக் கூடாது. விசை போகும் கோட்டுக்கு ஆதாரத்திலிருந்து செங்குத்துத் தூரம் எதுவோ அதுதான் புயம். சுத்தியலின் தலை பலகையைத் தொடும் இடம் ஆதாரம். அங்கிருந்து ஆணிக்கு 4 சென்டிமீட்டர், கை பிடித்த இடத்துக்கு 28 சென்டிமீட்டர் என்றால், கைப்பிடிக்குச் செங்குத்தாக இழுக்கும்போது லாபம் 7. கைப்பிடி சாயச் சாய நீங்கள் இழுக்கும் திசையையும் திருப்பிக்கொண்டே போக வேண்டும். கைப்பிடி நீளத்தின் திசையிலேயே இழுத்தால் புயம் குறைந்து, எவ்வளவு மூச்சுக்கட்டினாலும் ஆணி வராது.

கை மூன்றாம் வகைன்னு படிச்சோம். நங்கூரக் கயிறு இழுக்கிறப்போ தசை எவ்வளவு இழுக்குது?

முழங்கை ஆதாரம், மேற்கைத் தசை அதற்கு 4 சென்டிமீட்டர் பக்கத்தில் முன்கை எலும்பில் ஒட்டியிருக்கிறது, உள்ளங்கை 35 சென்டிமீட்டர் தள்ளி என்று எடுத்துக்கொண்டால், கையில் 5 கிலோவைத் தாங்கத் தசை 44 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். கயிறு 20 கிலோவுக்கு இழுத்தால் நாலு மடங்கு போட்டுக்கொள்ளுங்கள். பதிலுக்கு, தசை கொஞ்சம் சுருங்கினாலே கை தூரமாகப் போய்வருகிறது, தூண்டிலுக்குச் சொன்ன அதே காரணம்.

கடைசியா ஒண்ணு. கால் விரல்ல நிக்கிறது இரண்டாம் வகைன்னு எல்லாப் புத்தகத்துலயும் இருக்கு. ஆனா கணக்குப் போட்டா தசைக்கு 45 கிலோதான் வருது. உடம்பு எடையே 60 கிலோ, கெண்டைக்கால் அப்படி வலிக்குதே?

இதைக் கேட்டது போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பெண். விடாமல் கணக்குப் போட்டு வந்திருந்தார். ஒற்றைக்காலில் நுனிவிரலில் நிற்கிறோம். விரல் அடி ஆதாரம், 12 சென்டிமீட்டர் பின்னால் கணுக்காலில் உடம்பு எடை, இன்னும் 4 சென்டிமீட்டர் பின்னால் குதிகாலில் தசை. 60ஐ 12ஆல் பெருக்கி 16ஆல் வகுத்தால் 45. இதில் கோளாறு பளுவில்தான்.

துடுப்பு வலிப்பவர் படகுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது ஞாபகம் இருக்கிறதா? கெண்டைத் தசையும் அப்படித்தான், மேல்முனை காலிலேயே ஒட்டியிருக்கிறது. குதிகாலை மேலே இழுக்கும்போது அதே அளவுக்குக் காலைக் கீழே அழுத்துகிறது. ஆகவே கணுக்காலில் விழும் பளு 60 மட்டும் அல்ல, 60உடன் தசையின் இழுப்பும் சேர்ந்தது. கணுக்காலை ஆதாரமாக வைத்துப் போட்டுப் பாருங்கள்: முன்னே 12 சென்டிமீட்டரில் தரை 60 கிலோவுக்கு மேலே தள்ளுகிறது, பின்னே 4 சென்டிமீட்டரில் தசை. 60ஐ 12ஆல் பெருக்கி 4ஆல் வகுத்தால் 180 கிலோ. கணுக்காலில் 240. இப்போது இரண்டாம் வகையாகவே திரும்பப் போடுங்கள், பளுவுக்கு 240 என்று எடுத்து: 240ஐ 12ஆல் பெருக்கி 16ஆல் வகுத்தால் அதே 180. தேர்வில் இரண்டாம் வகை என்று எழுதுங்கள், பளுவுக்கு 60 என்று மட்டும் போடாதீர்கள்.